இளைஞர் அணிக்கு உலகக் கோப்பை, மூத்த அணிக்கு வெறுங்கை: செர்பியக் கால்பந்தின் புதிர்

கேள்வி இதுதான்: எழுபது இலட்சம் பேர்கூட இல்லாத செர்பியாவிலிருந்து ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளுக்கு ஆண்டுதோறும் இளம் வீரர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள், அப்படியிருந்தும் அந்நாட்டின் தேசிய அணி ஏன் முதல் சுற்றோடு நின்றுவிடுகிறது, இப்போது வளர்ந்துவரும் தலைமுறையால் அது மாறுமா?

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். மொண்டெனேக்ரோ பிரிந்த 2006-க்குப் பிறகு, செர்பியா என்ற தனிப்பெயரில் அந்த அணி நான்கு பெரிய போட்டிகளில் ஆடியிருக்கிறது: 2010, 2018, 2022 உலகக் கோப்பைகள், 2024 யூரோ (ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான போட்டி). மொத்தம் 12 ஆட்டங்கள். வென்றவை இரண்டே இரண்டு: 2010-இல் ஜெர்மனிக்கு எதிராக 1-0, 2018-இல் கோஸ்டாரிகாவுக்கு எதிராக 1-0. மூன்று சமன், ஏழு தோல்வி. நான்கு முறையும் குழுச் சுற்றிலேயே வெளியேற்றம். 2026 உலகக் கோப்பைக்கு அணி தகுதியே பெறவில்லை. இங்கிலாந்தும் அல்பேனியாவும் இருந்த தகுதிச் சுற்றுக் குழுவில், 2025 செப்டம்பரில் பெல்கிரேடிலேயே இங்கிலாந்திடம் 0-5 என்று தோற்றது. அடுத்த மாதம் லெஸ்கோவாட்ஸ் நகரில் அல்பேனியாவிடம் 0-1 என்று தோற்றது. இரண்டாவது தோல்வியோடு, நான்கு ஆண்டுகளுக்கு மேலாகப் பொறுப்பில் இருந்த பயிற்றுநர் திராகன் ஸ்டோய்கோவிச் பதவி விலகினார்.

இதே நாட்டின் இளைஞர் அணிகளின் வரலாற்றைப் பார்த்தால் வேறொரு நாட்டைப் பற்றிப் படிப்பதுபோல் இருக்கும். 2004-இலும் 2007-இலும் 21 வயதுக்குட்பட்டோருக்கான ஐரோப்பியப் போட்டியில் இறுதி ஆட்டம் வரை சென்றார்கள் (முதல்முறை செர்பியா-மொண்டெனேக்ரோ என்ற பெயரில்). 2013-இல் லிதுவேனியாவில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் போட்டியில் பிரான்ஸை 1-0 என்று வீழ்த்திக் கோப்பையை வென்றார்கள். 2015-இல் நியூசிலாந்தில் 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையையே கைப்பற்றினார்கள். யூகோஸ்லாவியக் காலத்தையும் சேர்த்துக்கொண்டால் 1987-இல் சிலியில் வென்ற இளைஞர் உலகக் கோப்பையும் உண்டு. பிரோசினெச்கி, போபான், ஷூக்கெர், மியாத்தோவிச் என்று பின்னாளில் உலகறிந்த பெயர்களாகிய பலர் அந்த அணியில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிறகு குரோவேஷியாவின் சட்டையை அணிந்தார்கள் என்பது தனிக்கதை.

2015-இன் அந்த அணியைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். முதல் ஆட்டத்தில் உருகுவேயிடம் 0-1 என்று தோற்றுத்தான் தொடங்கினார்கள். நாக் அவுட் சுற்றில் ஆடிய நான்கு ஆட்டங்களும், ஹங்கேரி, அமெரிக்கா, மாலி, பிரேசில் என்று ஒன்று விடாமல், கூடுதல் நேரத்துக்குப் போயின. அமெரிக்காவுக்கு எதிரான ஆட்டம் பெனால்டி வரை நீண்டது. ஜூன் 20 அன்று ஆக்லாந்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் 70-ஆவது நிமிடத்தில் ஸ்டானிஷா மாந்திச் கோல் அடித்தார். மூன்றே நிமிடங்களில் பிரேசிலின் ஆந்த்ரேயாஸ் பெரேரா சமன் செய்தார். பிறகு 118-ஆவது நிமிடம்: இரு அணியினருக்கும் கால் தசைகள் இறுகி, எல்லோரும் பெனால்டிக்கு மனத்தைத் தயார் செய்துகொண்டிருந்த வேளையில், நடுகளத்திலிருந்து ஓடிவந்த நெமான்யா மாக்சிமோவிச் பிரேசிலின் தடுப்பு வரிசையைப் பிளந்துகொண்டு போய்ப் பந்தை வலைக்குள் செலுத்தினார். அந்த மாக்சிமோவிச் அப்போது ஆடிக்கொண்டிருந்தது கஜகஸ்தானின் அஸ்தானா கிளப்பில். அதற்கு முன்பு ஸ்லோவேனியாவில். உள்நாட்டு லீகின் முதல்நிலை அணி எதிலும் ஆடாமலேயே செர்பியாவுக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்தவர் அவர். பதில் தேடிப் போகும்போது இதை மறந்துவிடக் கூடாது.

திறமைக் குறைவு காரணம் அல்ல என்பது இதிலேயே தெளிவாகிவிடும். என் பார்வையில் உண்மையான காரணங்கள் இரண்டு. ஒன்று, செர்பிய இளைஞன் விற்கப்படும் முறையும் விற்கப்படும் வயதும். இரண்டு, மூத்த தேசிய அணி ஒருபோதும் ஒரே அணியாகச் சேர்ந்து வளர விடப்படாதது. முதலாவதைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். இரண்டாவதுதான் அதிகச் சேதம் செய்தது என்று நான் கருதுகிறேன்.

விற்பனையை முதலில் எடுத்துக்கொள்வோம். உள்நாட்டின் முதல்நிலை லீகான செர்பிய சூப்பர்லிகாவின் தொலைக்காட்சி வருமானம் மிகச் சிறியது. ரெட் ஸ்டார், பார்ட்டிசான் என்ற இரண்டு பெல்கிரேடு கிளப்புகளுக்கு அப்பால் மைதானம் நிறைவதும் அரிது. ஆகவே கிளப்புகள் பிழைப்பது பெரும்பாலும் வீரர்களை விற்றுத்தான். விற்கத்தக்க வீரர்களை உருவாக்குவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். ஐரோப்பாவின் முதல்நிலை லீகுகளில் ஆடுபவர்கள் எந்த அகாடமியில் வளர்ந்தவர்கள் என்று எண்ணும் ஆய்வுகளில் பார்ட்டிசானின் பெயர் அயாக்ஸோடு சேர்த்து முன்வரிசையில் வந்திருக்கிறது. பார்ட்டிசானுக்கு டெலியோப்டிக் என்ற துணை அணி ஒன்றும் உண்டு. அகாடமி முடித்த பையன்களைக் கீழ்நிலை லீகில் பெரியவர்களோடு மோதவிட்டுப் பழக்குவதற்காக நெடுங்காலம் அதைப் பயன்படுத்தினார்கள்.

ஃபிபாவின் விதி ஒன்று இங்கே பெரிதாகக் குறுக்கிடுகிறது. 18 வயது நிறையாத வீரர் நாடு விட்டு நாடு மாறக் கூடாது என்பது பொது விதி. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மட்டும் 16 வயதிலேயே மாறலாம். செர்பியா ஒன்றியத்தில் இல்லாததால் செர்பியப் பையன் 18 வயது வரை ஊரில் இருந்தாக வேண்டும். இதில் ஒரு நன்மை இருக்கிறது: 16, 17 வயதிலேயே அவனுக்கு முதல்நிலை அணியில் ஆடும் வாய்ப்புக் கிடைக்கிறது, ஏனெனில் கிளப்புக்கு அவனைக் கடையில் காட்சிக்கு வைத்தாக வேண்டும். தீமையும் அதிலேயே இருக்கிறது: 18-ஆவது பிறந்தநாள் வந்ததும் அவன் விமானம் ஏறுகிறான். துஷான் வ்லாஹோவிச்சின் கதை அப்படித்தான். 16 வயதில் பார்ட்டிசானுக்கு ஆடத் தொடங்கியவரை ஃபியோரெந்தினா 2017-இலேயே பேசி முடித்து, 2018 ஜனவரியில் அவருக்கு 18 நிறையும் வரை காத்திருந்து அழைத்துக்கொண்டது. நான்கு ஆண்டுகளில் யுவெந்தஸ் அவரை ஏறத்தாழ 7 கோடி யூரோவுக்கு வாங்கியது. ஒவ்வோர் இடமாற்றத் தொகையிலும் 5 சதவீதத்தை, அந்த வீரரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற விதி இருப்பதால் பார்ட்டிசானுக்கும் ஒரு பங்கு போயிருக்கும். ஆனால் விளைந்த மரத்தின் விலையோடு ஒப்பிட்டால் நாற்றை விற்ற விலை சில்லறைதான்.

வ்லாஹோவிச் தப்பித்துக்கொண்டார், எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. லூகா யோவிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 மே 28 அன்று ரெட் ஸ்டாருக்காக மாற்று ஆட்டக்காரராக இறங்கி, 16 வயதில் கோல் அடித்து, கிளப்பின் மிக இளைய கோல்காரர் என்று தேயான் ஸ்டான்கோவிச் வைத்திருந்த சாதனையை முறியடித்தார். 18 வயதில் பென்ஃபிகா வாங்கியது. அங்கே முதல் அணியில் ஏறக்குறைய ஆடவே இல்லை. இரவலில் ஐன்ட்ராக்ட் ஃபிராங்ஃபர்ட்டுக்குப் போனபின்தான் மீண்டார். 2018 அக்டோபரில் டுசெல்டார்ஃபுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல்கள் அடித்ததைப் பார்த்தவர்கள், ஐரோப்பாவின் அடுத்த பெரிய முன்கள வீரர் இவர்தான் என்றே நம்பினார்கள், நானும் நம்பினேன். ரியல் மாட்ரிட் அவரை வாங்கியது, மீண்டும் பெஞ்சு. ஆந்த்ரியா ஷிவ்கோவிச்சுக்கோ வேறு விதமான இழப்பு: பார்ட்டிசானில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்ததால் 2016-இல் பல மாதங்கள் களமிறங்காமல் இருந்து, பிறகு பென்ஃபிகா போய், கடைசியில் கிரீஸின் பாவோக்கில்தான் நிலைபெற்றார். பதினெட்டுக்கும் இருபத்தொன்றுக்கும் இடைப்பட்ட காலத்தில் வாரந்தோறும் 90 நிமிடம் ஆடுவது எவ்வளவு முக்கியம் என்பதைக் கால்பந்து தெரிந்த எவரும் ஒப்புக்கொள்வார்கள். செர்பிய வீரர்களில் பலர் சரியாக அந்த மூன்று ஆண்டுகளைத்தான் வேறொரு நாட்டின் பெஞ்சில் தொலைக்கிறார்கள்.

இப்போது இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். 2013-இல் ஐரோப்பியக் கோப்பை வென்ற அணியின் கணிசமான பகுதி (கோல்கீப்பர் பிரெட்ராக் ராய்கோவிச், செர்கெய் மிலின்கோவிச்-சாவிச், மாக்சிமோவிச், மியாத் கச்சினோவிச், மிலோஷ் வெல்கோவிச்) அப்படியே 2015-இலும் ஆடியது. பயிற்றுநர் வெல்கோ பௌனோவிச் கையில் கிடைத்தது இரண்டாண்டு பழகிய கூட்டம். யார் எப்போது எங்கே ஓடுவார் என்று ஒருவருக்கொருவர் தெரிந்திருந்ததால்தான் நான்கு முறை 120 நிமிடங்களைத் தாக்குப்பிடிக்க முடிந்தது. மூத்த அணியில் நடந்தது இதற்கு நேர் எதிரானது. 2006 முதல் 2021 வரை பயிற்றுநர்களை மாற்றிய வேகத்தில் எந்த வீரருக்கும் தன் இடம் எது என்று தெரிந்துகொள்ள அவகாசம் கிடைக்கவில்லை. டிக் அட்வொகாட் போன்ற பெயர்பெற்ற வெளிநாட்டவரும் சில மாதங்களில் போய்விட்டார். 2012-இல் சினிஷா மிஹாயிலோவிச் பயிற்றுநராக இருந்தபோது, ஸ்பெயினுக்கு எதிரான நட்பு ஆட்டத்துக்கு முன் தேசிய கீதம் பாடவில்லை என்று ஆதெம் லாயிச் என்ற 20 வயது இளைஞரை அணியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய நிகழ்வும் உண்டு.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட ஸ்லாவோல்யுப் முஸ்லின் நீக்கப்பட்ட விதம்தான் பேசத்தக்கது. 2018 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அயர்லாந்து, வேல்ஸ், ஆஸ்திரியா ஆகியவை இருந்த குழுவில் செர்பியாவை முதலிடத்தில் நிறுத்தியவர் அவர். தகுதி பெற்றுக்கொடுத்த அதே மாதத்தில் அவர் அனுப்பப்பட்டார். வெளியே சொல்லப்பட்ட முக்கியக் காரணம்: லாசியோவில் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்த மிலின்கோவிச்-சாவிச்சை அவர் ஆடவைக்கவில்லை என்பது. இதில் இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. 2015-இன் நாயகனை வெளியே வைத்தது முஸ்லினின் பிடிவாதம் என்றால், உலகக் கோப்பைக்கு எட்டு மாதங்களுக்கு முன் வென்ற பயிற்றுநரை நீக்கி, அணியின் அமைப்பையே ஒரு வீரரைச் சுற்றி மாற்றியெழுத முனைந்தது செர்பியக் கால்பந்துச் சங்கத்தின் அவசரம். ரஷ்யாவுக்குப் போன 23 பேரில் 2015 அணியைச் சேர்ந்த ஐந்து பேர் இருந்தார்கள்; ஆனால் அவர்கள் ஓர் அணியாகப் போகவில்லை, ஐந்து தனி ஆட்களாகப் போனார்கள்.

ஸ்டோய்கோவிச்சின் காலம் இதற்கு விதிவிலக்காகத் தொடங்கியது. 2021 நவம்பரில் லிஸ்பனில் போர்ச்சுகலுக்கு எதிரான ஆட்டம் நினைவிருக்கலாம்: சமன் செய்தாலே போதும் என்ற நிலையில் இருந்த போர்ச்சுகல் இரண்டாவது நிமிடத்திலேயே கோல் அடித்தது, செர்பியாவின் துஷான் தாதிச் சமன் செய்தார், 90-ஆவது நிமிடத்தில் அதே தாதிச் தூக்கியடித்த பந்தைத் தொலைவுக் கம்பத்தருகே நின்ற முன்கள வீரர் அலெக்சாந்தர் மித்ரோவிச் தலையால் முட்டி, செர்பியாவை நேரடியாக கத்தாருக்கு அனுப்பினார். ஆனால் அந்த வெற்றியே பின்னர் ஒரு சிறைபோல ஆகிவிட்டது. தாதிச்சின் இடதுகாலும் மித்ரோவிச்சின் தலையும் சேர்ந்து செய்ததையே எல்லாப் போட்டிகளிலும் எதிர்பார்த்தார்கள். கத்தாரில் கேமரூனுக்கு எதிராக 3-1 என்று முன்னிலையில் இருந்துவிட்டுச் சில நிமிடங்களில் இரண்டு கோல் வாங்கி 3-3 என்று முடித்தது, தற்காக்கத் தெரியாத அணி என்பதைக் காட்டியது. 2024 யூரோவில் மூன்று ஆட்டங்களில் ஒரே ஒரு கோல். அதுவும் ஸ்லோவேனியாவுக்கு எதிராக 90 நிமிடங்கள் முடிந்தபின் சேர்க்கப்பட்ட நேரத்தில் யோவிச் அடித்தது.

இனி இப்போதைய இளைஞர்கள். 2001-இல் பிறந்த ஸ்திராஹின்யா பாவ்லோவிச்சை இளைஞர் என்று சொல்வது சற்றே தாமதம்தான். பார்ட்டிசானில் வளர்ந்து, மொனாகோ, சால்ஸ்பர்க் வழியாக ஏசி மிலான் சேர்ந்த இந்த இடதுகால் தடுப்பாட்டக்காரர் இன்று அணியின் மிக நம்பகமான ஆள். பெர்லினில் பிறந்து, ஜெர்மனியின் இளைஞர் அணிகளில் ஆடி, பிறகு செர்பியாவைத் தேர்ந்தெடுத்த லாசார் சமார்ஜிச்சிடம் அழகு இருக்கிறது. ஆனால் அட்டலாந்தாவிலும் தேசிய அணியிலும் அவர் இன்னும் மாற்று வீரருக்கும் முதன்மை வீரருக்கும் நடுவிலேயே நிற்கிறார். மில்வால் அணியில் இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீகில் முட்டி மோதிப் பழகும் மிஹாய்லோ இவானோவிச், மித்ரோவிச்சின் இடத்துக்கு இயல்பான வாரிசு.

நான் அதிகம் எதிர்பார்ப்பது 2005-இலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களிடம். அவர்களில் முதலாமவர் அலெக்சாந்தர் ஸ்டான்கோவிச். யோவிச் யாருடைய சாதனையை முறியடித்தாரோ அந்த தேயான் ஸ்டான்கோவிச்சின் மகன். தந்தை யூகோஸ்லாவியா, செர்பியா-மொண்டெனேக்ரோ, செர்பியா என்று மூன்று பெயர்களில் மூன்று உலகக் கோப்பைகளில் ஆடியவர். மகன் இன்டர் மிலானின் அகாடமியில் வளர்ந்தும் அங்கே பெஞ்சில் காத்திருக்கவில்லை. 2024-25-இல் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் கிளப்புக்கு இரவலில் போய் ஒரு பருவம் முழுதும் ஆடினார். 2025-இல் பெல்ஜியத்தின் கிளப் புரூஜ் வாங்கியது, திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையை இன்டர் கையில் வைத்துக்கொண்டது. தடுப்பாட்டத்துக்கு முன்னால் நின்று பந்தைப் பறித்து, அதை உடனே முன்னோக்கி அனுப்பும் வீரர் செர்பியாவுக்கு நெமான்யா மாட்டிச்சுக்குப் பிறகு கிடைக்கவே இல்லை. அந்த வெற்றிடத்துக்குச் சரியாகப் பொருந்துகிறார்.

ரெட் ஸ்டாரிலிருந்து வந்தவர்களில் வலதுபுறத் தடுப்பாட்டக்காரர் கோஸ்தா நெதெல்கோவிச்சின் பாதை பழைய அச்சத்தை நினைவூட்டுகிறது. ஆஸ்டன் வில்லா 2024 ஜனவரியில் வாங்கியது. அங்கே இடம் கிடைக்காமல் லைப்சிக்குக்கு இரவலில் போனார். 2007-இல் பிறந்த தாக்கும் நடுகள வீரர் ஆந்த்ரியா மாக்சிமோவிச்சும் 17 வயதிலேயே மூத்த தேசிய அணியில் ஆடிவிட்டு, 18 ஆனதும் 2025-இல் அதே லைப்சிக்குக்கு விற்கப்பட்டார். அவருக்கு அடுத்து 2008-இல் பிறந்த வாசிலியே கோஸ்தோவ் ரெட் ஸ்டாரின் முதல் அணியில் இடம்பிடித்திருக்கிறார். இவர்களில் இயல்பான திறமை மிகுந்தவர் யார் என்று கேட்டால் கோஸ்தோவ் என்பேன். பந்தை வாங்குவதற்கு முன்பே தலையைத் திருப்பி இரு பக்கமும் பார்த்துவிடும் பழக்கம் அந்த வயதில் அபூர்வம்.

யோவான் மிலோஷெவிச்சைத் தனியே சொல்ல வேண்டும். வொய்வொதினா கிளப்பில் வளர்ந்த இந்த முன்கள வீரரை 2023-இல் ஸ்டுட்கார்ட் வாங்கியது. அங்கே வாய்ப்பில்லை. இரவலில் பார்ட்டிசானுக்கு வந்தபின், பணத் தட்டுப்பாட்டால் தன் அகாடமிப் பையன்களையே நம்ப வேண்டிய நிலையில் இருந்த அந்தக் கிளப்பில் வாரந்தோறும் ஆடிக் கோல்களைக் குவித்தார். ஏழ்மை செய்த உதவி என்று இதைச் சொல்லலாம். மறுபுறம், 2018 முதல் 2025 வரை தொடர்ந்து எட்டு முறை லீகை வென்று, சாம்பியன்ஸ் லீக் பணத்தால் செழித்த ரெட் ஸ்டார், அந்தப் பணத்தில் ஆயத்தமான வெளிநாட்டு வீரர்களை வாங்கிக் குவிக்கிறது. அந்த நெரிசலிலும் கோஸ்தோவும் ஆந்த்ரியா மாக்சிமோவிச்சும் மேலே வந்தார்கள் என்பது அவர்களுடைய தரத்துக்குச் சான்று. எத்தனை பேர் வர முடியாமல் போனார்கள் என்பது ஆட்டப் பட்டியலில் தெரியாது.

ஆகவே நிலைமை மாறுமா என்ற கேள்விக்கு என் பதில்: மாற வாய்ப்பு இருக்கிறது, ஆனால் அதற்கான காரணம் வீரர்களைவிடப் பயிற்றுநர். ஸ்டோய்கோவிச்சுக்குப் பின் 2025 இறுதியில் சங்கம் அழைத்தது, பத்தாண்டுகளுக்கு முன் ஆக்லாந்தில் கோப்பையைத் தூக்கிய அதே பௌனோவிச்சை. அவர் வந்தபோது உலகக் கோப்பைத் தகுதி ஏறத்தாழக் கைநழுவியிருந்தது. வெம்ப்ளியில் இங்கிலாந்திடம் 0-2 என்று தோற்றதோடு அது முடிந்தது. அல்பேனியாவுக்கு ஒரு புள்ளி பின்னால், மூன்றாம் இடம். எனவே அவருடைய வேலை 2028 யூரோவுக்கான தகுதிச் சுற்றில்தான் உண்மையில் தொடங்குகிறது. அலெக்சாந்தர் ஸ்டான்கோவிச், ஆந்த்ரியா மாக்சிமோவிச், கோஸ்தோவ், மிலோஷெவிச் ஆகியோரை அவர் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்துவிட்டுப் பெஞ்சில் உட்கார வைப்பாரா, தோற்றாலும் பரவாயில்லை என்று ஒரே வரிசையில் பத்து ஆட்டங்கள் தொடர்ந்து ஆடவிடுவாரா, அதைச் சங்கம் பொறுத்துக்கொள்ளுமா என்பவையே இனிப் பார்க்க வேண்டியவை. செர்பியா அடுத்த அணிப் பட்டியலை அறிவிக்கும்போது புதிய பெயர் எது என்று நான் தேடப்போவதில்லை. முந்தைய பட்டியலில் இருந்த பெயர்கள் எத்தனை என்றுதான் முதலில் எண்ணுவேன்.